எர்த் இல்லாத ஒரு மைக்

1969. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துல ஒரு ராக் இசைக்குழு உருவாகுது. பேரு ஸ்டோன் தி க்ரோஸ். பாடகி மேகி பெல். கித்தார் லெஸ் ஹார்வி. மேனேஜர் பீட்டர் கிராண்ட், லெட் செப்பெலினுக்கும் அவர்தான்.

மேகியோட குரலை ஜானிஸ் ஜாப்ளினோட ஒப்பிட்டுப் பேசினாங்க. 1970-ல ரெண்டு ஆல்பம், 1971-ல ஒண்ணு. நல்லா வளர்ந்துட்டிருந்தாங்க.

1972 மே 3. வேல்ஸ்ல ஸ்வான்சீ நகரத்து மேடை. லெஸ் மைக்கைத் தொட்டார். அதுக்கு எர்த் சரியா இல்ல. மேடையிலேயே ஷாக் அடிச்சு இறந்துட்டார். வயசு 27.

இதுல மருத்துவம் என்னன்னா: எலெக்ட்ரிக் கித்தாரோட கம்பி, ஆம்ப்ளிஃபையர் வழியா எர்த்தோட இணைஞ்சிருக்கும். ஒரு கை அதுல, இன்னொரு கை கரண்ட் கசியுற மைக்ல இருந்தா, மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். 0.1 ஆம்பியரே போதும், இதயம் துடிக்கிறத விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். அதுக்குப் பேரு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். மூளைக்கு ரத்தம் போகாது. சில நொடியில நினைவு தப்பும்.

ஜிம்மி மெக்கல்லக் அந்த இடத்துக்கு வந்தார். நாலாவது ஆல்பமும் வந்துச்சு. ஆனா 1973-ல குழு கலைஞ்சிருச்சு. மொத்த ஆயுசு நாலே வருஷம்.

யாருக்காவது ஷாக் அடிச்சா உடனே தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. மூச்சு இல்லன்னா நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்துங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்.

அப்புறம், மூணு பின் பிளக்குல அந்த மூணாவது பின்னை ஒடிச்சுட்டு சொருகாதீங்க. எர்த் அதுலதான் இருக்கு.