ஒரே பெட்டியின் முன் கற்ற ஆசிரியர்கள்

ஆசிரியர்களுக்கான இணையவழிப் பணியிடைப் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 2017இல் வந்த சுவயம், தீக்ஷா தளங்களிலிருந்தே தொடங்குகின்றனர். நாற்பதாண்டுகளுக்கு முந்தைய ஒரு முயற்சி இதனால் கண்ணில் படாமற் போகிறது.

1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இஸ்ரோ நடத்திய ‘சைட்’ திட்டம் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களை எட்டியது. உழவருக்கும் சிறுவருக்குமான நிகழ்ச்சிகளே இன்று பெரிதும் பேசப்படுகின்றன. எனக்கோ, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் அளிக்கப்பட்ட பன்னிரு நாள் பயிற்சியே அதன் முதன்மையான கூறாகத் தோன்றுகிறது. தொலைக்காட்சி அதில் ஒரு பகுதி மட்டுமே. வானொலி, அச்சிட்ட கையேடு, செய்முறைப் பணி ஆகியனவும் இருந்தன. ஆசிரியர்கள் ஒரே பெட்டியின் முன் கூடிக் கண்டதைத் தமக்குள் விவாதித்தனர். வழிநடத்த ஒருவர் உடனிருந்தார். கருவிப் பற்றாக்குறையே கூடிக் கற்கும் சூழலை உண்டாக்கிற்று எனலாம் (இது என் ஊகம்).

2020 அக்டோபரில் நிஷ்டா பயிற்சி தீக்ஷா தளத்துக்கு மாறியபோது, அவரவர் கைபேசியில் தனித்துக் கற்கும் நிலை வந்தது. நேர வசதி பெருகியது மெய்யே. ஆயினும் நான் முடித்த இணையப் படிப்புகளின் விவாத அரங்குகளில், மதிப்பெண்ணையும் இறுதிநாளையும் பற்றிய வினாக்களே மிகுதி. பாடம் குறித்து எவரோடும் உரையாடிய நினைவில்லை.

1976 ஜூலை இறுதியில் சைட் முடிவுற்றது. அன்று இளைஞராய் அப்பெட்டியின் முன் அமர்ந்த ஆசிரியர்கள் இன்று எண்பதை நெருங்குவோர். அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்ய எஞ்சியுள்ள காலம் குறைவு.