லம்பிரைஸ்

லம்பிரைஸ் என்பது சோறு, இறைச்சிக் கறி, காய்கறி ஆகியவற்றை வாழையிலையில் பொதிந்து, அடுமனை அடுப்பில் சூடேற்றி எடுக்கும் உணவாகும். இது இலங்கை ஒல்லாந்துப் பறங்கியரின் அடையாள உணவாகக் கருதப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1796 வரை இலங்கையின் கரையோரப் பகுதிகள் அதன் ஆட்சியில் இருந்தன. பழவேற்காடு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலும் அக்கம்பெனிக்குக் கோட்டைகள் இருந்தன. அதன் ஆசியத் தலைமையிடம் சாவகத் தீவின் பத்தாவியா (இன்றைய சகார்த்தா) ஆகும்.

சோற்றுக் கட்டி என்று பொருள்படும் 'லொம்ப்ரைஸ்ட்' என்ற ஒல்லாந்துச் சொல்லே லம்பிரைஸ் ஆனது என்பர். சாவகத்தில் வாழையிலையில் பொதியப்படும் 'லெம்பர்' என்ற உணவோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. பொதியில் வைக்கப்படும் 'பிரிக்கடல்' என்ற இறைச்சி உருண்டையின் பெயர் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது. 'பிளாச்சான்' என்ற இறால் கலவையின் பெயரும், சீனிச் சம்பலில் உள்ள 'சம்பல்' என்ற சொல்லும் மலாய் வழி வந்தவை.

செய்முறை

சம்பா அரிசியை நெய்யில் வதக்கி, ஏலம், கிராம்பு, பட்டை சேர்த்து இறைச்சிச் சாற்றில் வேகவைப்பர். பலவகை இறைச்சி கலந்த கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சாம்பல் வாழைக்காய்க் கறி ஆகியவற்றைத் தனித்தனியே சமைப்பர். இலையைத் தணலில் வாட்டினால் கிழியாமல் மடியும். அனைத்தையும் இலையில் வைத்து மடித்து, ஈர்க்குக் குத்தி, அடுப்பில் சுமார் இருபது நிமிடம் வைப்பர். ஆவி வெளியேறாததால் சோறு வறண்டு போகாது. இலையின் மணமும் சோற்றில் இறங்கும்.

தற்காலத்து 'அவன் பை' முறையிலும் ஆவி இவ்வாறே அடைபடுகிறது. ஆனால் அதில் பச்சை இறைச்சியும் காய்கறியும் பைக்குள்ளேயே வேகின்றன. அந்தப் பை சுமார் 200 பாகை செல்சியசு வெப்பம் தாங்கும் நைலான் அல்லது பாலியெஸ்டரால் ஆனது. காஞ்சிபுரம் குடலை இட்லிக்கு மந்தாரை இலை மணம் தருவதும் இதற்கு ஒப்பானதே. ஆனால் அது நீராவியில் வேகிறது.

உறை மாற்றம்

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பறங்கியர் பலர் ஆசுத்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். லம்பிரைஸ் மற்றவர்களின் கடைகளிலும் விற்பனைக்கு வந்தது. சில கடைகள் வாழையிலைக்குப் பதிலாகப் பாலித்தீன் தாளில் பொதிந்தன. சாதாரண பாலித்தீன் சுமார் 110 பாகையில் உருகிவிடும். எனவே அப்பொதியை அடுப்பில் வைக்க இயலாது. உறை மாறியதால் சூடேற்றும் படியே கைவிடப்பட்டது. பெயர் லம்பிரைஸ் என்றிருந்தாலும் அது வெறும் சோற்றுப் பொட்டலமாகிவிட்டது.

இலங்கை அரசு 2017 செப்டம்பரில் பாலித்தீன் உணவுத் தாள்களைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் உணவு பொதியும் நெகிழித் தாள்களுக்குத் தடை உள்ளது. சுற்றுச்சூழலுக்காக வந்த இத்தடைகள் வாழையிலைப் பொதியின் தேவையை மீண்டும் உணர்த்தியுள்ளன.