மில்கிராமும் எழுந்து போன ரெண்டு பேரும்

இன்ஜினியரிங் படிச்சுட்டு உனக்கெதுக்குப்பா அரசியல் உளவியல் புத்தகமெல்லாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஸ்டான்லி மில்கிராமின் கதையைத்தான்.

நியூயார்க்கில் பிறந்த யூதர். குயின்ஸ் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் படித்தார். 1954-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால், உளவியலில் ஒரு பாடம்கூட படித்ததில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஆசாமி அசரவில்லை. அந்தக் கோடையிலேயே நியூயார்க் கல்லூரிகளில் மடமடவென்று ஆறு பாடங்களை முடித்து, சிறப்பு மாணவராக உள்ளே நுழைந்துவிட்டார். 1960-ல் பட்டம்.

சரி, மேட்டருக்கு வருவோம். உளவியலுக்கு வந்தாலும் அவர் மண்டையைக் குடைந்தது அரசியல் கேள்விதான். நாஜிகளின் யூதப் படுகொலைக்கு அத்தனை சாதாரண ஆட்கள் எப்படி ஒத்துழைத்தார்கள்? 1961 ஏப்ரலில் ஜெருசலேமில் ஐக்மன் மீதான விசாரணை தொடங்கியது. உத்தரவுப்படி நடந்தேன் என்பதுதான் அவன் வாதம். அதே ஆகஸ்டில் மில்கிராம் யேல் பல்கலையில் தன் சோதனையை ஆரம்பித்தார்.

சோதனைக்கு வந்தவர்தான் 'வாத்தியார்'. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்கணும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 ஸ்விட்ச். ஷாக் பொய், அடுத்த அறைக்காரர் நடிகர். வாத்தியாருக்கு இது தெரியாது. ஆயிரத்தில் ஒருத்தர்தான் கடைசி வரை போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். முதல் சுற்றில் 40 பேரில் 26 பேர் போனார்கள்!

பலரும் இதோடு நிறுத்தி, மனுஷ ஜென்மமே இவ்வளவுதான் என்று உச்சுக் கொட்டிவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சுற்று. அதில் வாத்தியாரோடு கூட இரண்டு பேர் உட்கார்கிறார்கள் (அவங்களும் செட்டப்தான்). பாதியில் ஒருத்தர் முடியாது என்று எழுந்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அடுத்தவரும். இப்போது கடைசி ஸ்விட்சைத் தொட்டது 40-க்கு வெறும் 4 பேர்.

சோதனை மீது விமர்சனங்கள் நிறைய. ஆட்களை ஏமாற்றித் தவிக்க விட்டது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மில்கிராமுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை. 1984-ல் 51 வயதில் இறந்துபோனார்.

ஆனாலும் அந்த 26-க்கும் 4-க்கும் நடுவில்தான் அரசியல் இருக்கிறது. முதலில் எழுந்திருக்கும் ஒன்றிரண்டு பேரை சர்வாதிகாரிகள் ஏன் முதலில் தூக்கி உள்ளே போடுகிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?