பற்றும் பேரும்: கொடகவெல மலைகளில் முழங்கால் வீக்கத்தின் வரலாறு

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இறக்குவானை மலைகளை அண்டி அமைந்த கொடகவெல, தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் இரத்தினபுரி மாவட்டத்து ஊர்களுள் ஒன்று. இவ்விரு பயிர்களும் தொழிலாளரின் முழங்காலை வெவ்வேறு விதமாக வருத்தின. மழையில் வழுக்கும் சரிவில் கொழுந்துச் சாக்கைச் சுமந்து இறங்குகையிலும், கான் எனத் தோட்டத்தார் அழைக்கும் வடிகாலைத் தாண்டுகையிலும் கால் புரண்டது. இறப்பர் மரத்திலோ, பட்டையின் வெட்டுக்கோடு காலப்போக்கில் அடிமரத்தை நோக்கி இறங்க இறங்க, பால்வெட்டுபவர் விடியற்காலையில் மரத்துக்கு மரம் குந்தி எழ வேண்டியதாயிற்று.

முழங்கால் மூட்டை உள்ளிருந்து போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு, மூட்டு உராயாதிருக்கச் சிறிதளவு வழுவழுப்பான நீரைச் சுரக்கிறது. அடிபட்டபின் அது மிகையாகச் சுரப்பதையே நீர் கோர்த்தல் என்பர். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் அறுந்தால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் வீக்கம் எழும். எலும்புகளிடையே மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்தாலோ வீக்கம் பெரும்பாலும் மறுநாளே தெரியும். கிழிந்த குருத்தெலும்பு நடக்கும்போது சவ்வை உறுத்துவதாலும், தொடைத் தசை மெலிந்து மூட்டின் பிடிமானம் குறைவதாலும், ஆறுமுன் வேலைக்குத் திரும்பிய கால் வற்றுவதும் வீங்குவதுமாக மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிய பற்று, நொச்சியிலை ஒத்தடம் ஆகிய லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) அடுப்படி வைத்தியத்துக்கு அடங்காத கால், தோட்ட எல்லை தாண்டிச் சிங்களக் கிராமத்து வெதமாத்தயா எனும் நாட்டு வைத்தியரிடம் சென்றது. கெடும் பிந்தும் வெதகம எனச் சிங்களத்திலும், முறிவு நெறிவு வைத்தியம் என இலங்கைத் தமிழிலும் வழங்கும் அவரது கலை, எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் சுளுக்குக்கும் உரியது; ஓலைச்சுவடியாலும் அதனினும் மிகுதியாகக் கைப்பழக்கத்தாலும் குடும்பங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. வைத்தியர் மூட்டை விரலால் தடவி அறிந்து, எண்ணெய் பூசி, மூலிகைகளை அரைத்துச் சூடாக்கிக் கட்டி, தேவையானால் மூங்கில் பத்தை வைத்து அசையாமல் நிறுத்துவார். கட்டும் அம்மருந்து தமிழில் பற்று, சிங்களத்தில் பத்து. மற்றச் சொற்கள் வேறுபட்டாலும் இந்த ஒன்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இக்கலையைக் கல்லாதார் கைவேலை என ஒதுக்குவது பிழை. நவீன எலும்பு மருத்துவத்தின் முன்னோடியான ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), வேல்ஸ் நாட்டு அங்கிள்சி தீவின் முறிவு வைத்தியப் பரம்பரையில் தோன்றி, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, லிவர்பூலின் துறைமுகத் தொழிலாளரிடையே பணியாற்றியவர். நோயுற்ற மூட்டுக்கு இடையறாத நீண்ட ஓய்வே முதன்மையான மருந்து என அவர் வாதிட்டார். நெடுநாள் அசைவின்மை தசையை மெலியச் செய்வதால் இக்கால மருத்துவர்கள் சில நாள் ஓய்வுக்குப்பின் படிப்படியான பயிற்சியைப் பரிந்துரைக்கின்றனர். ஆயினும் தொடக்க ஓய்வை எவரும் கைவிடவில்லை.

தோட்டத்தில் கிடைப்பதற்கு அரிதாயிருந்தது அந்த ஓய்வே. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலும் 1912இலும் இயற்றப்பட்ட சட்டங்களும், அவற்றின்வழி வந்த டிஸ்பென்சரிகளும் காய்ச்சல், வயிற்றோட்டம், கொக்கிப்புழு போன்ற நோய்களோடு போராடின. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், வேலையின்போது நேரும் விபத்துக் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது பெரும் முன்னேற்றமே. ஆனால் விபத்து என்றால் அதற்கொரு நாளும் இடமும் காட்ட வேண்டும், ஆண்டுக்கணக்கில் குந்தி எழுந்து தேய்ந்த மூட்டுக்கு அவ்வாறு காட்ட ஏதுமில்லை. கூலியோ நாட்கணக்கில் விழுந்தது. காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் கூட்டத்தில், நின்றவருக்கே செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் அன்றைய கூலிக்குரிய ‘பேர்’ விழும். பாதி வேலைக்கு அரைப்பேர். வெதமாத்தயா சொன்ன நாட்கள் முடியுமுன்பே கட்டை அவிழ்த்துவிட்டுக் கால் பெரட்டுக்குப் போனது இதனாலேயே. காயத்தின் தன்மையையோ வலியையோ எழுத அப்பதிவேட்டில் இடமில்லை. பேர் விழாத நாட்களின் கட்டங்கள் மட்டுமே வீங்கிய முழங்காலுக்கு அதில் அடையாளமாயின.