லிஸ்பன் நகர் காண்போர்க்கு

ஐரோப்பாக் கண்டத்துப் பெருநகரொன்றிற்குச் சென்று, மூன்று நான்கு நாட்கள் தங்கி, பார்க்கத்தக்கனவற்றைப் பார்த்துத் திரும்புதல் இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆகாய விமானம் தூரத்தைச் சுருக்கிவிட்டது. இன்ன கோபுரம் இத்தனை அடி உயரம், இன்ன அரண்மனையை இன்ன அரசர் கட்டுவித்தார் என்று சொல்லக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் பலர் வந்துவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று; உழைத்துக் களைத்தவர் நான்கு நாள் கண்குளிரக் காண்பது நல்லதே. எனினும், தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பற்றுவரவு பார்த்துப் பழகிய நம்போன்றோர்க்கு, எந்த மாளிகையைப் பற்றிக் கேட்டாலும் ஒரு வினா எழாமற் போகாது. இதன் செலவு எவர் கணக்கில் எழுதப்பட்டது?

இவ்வினாவோடு காணத்தக்க நகரங்களுள் ஒன்று, போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன். டேகஸ் நதி கடலோடு கலக்குமிடத்தின் அருகே குன்றுகளின்மீது அமைந்தது அது. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகெர்க் எந்த அரசருக்காகப் போர் புரிந்தாரோ, அவ்வரசர் வீற்றிருந்த நகரமும் அதுவே. ஆகவே இந்நாட்டார்க்கு அந்நகரம் முற்றிலும் அந்நியமன்று.

முதல் நாள், ஆற்றங்கரையிலுள்ள பெருஞ் சதுக்கத்தில் தொடங்குதல் நன்று. மூன்று பக்கம் மஞ்சள் நிற மண்டபங்கள். நான்காம் பக்கம் நீர்ப்பரப்பு. நடுவே முதலாம் ஜோசப் மன்னர் குதிரைமீதமர்ந்த வெண்கலச் சிலை. அச்சிலை 1775-இல் நிறுவப்பட்டது. சதுக்கத்தின் பெயர் வர்த்தகச் சதுக்கம். மக்களோ அதனை இன்றும் ‘அரண்மனை முற்றம்’ என்றே வழங்குவர். அவ்வாறாயின் அரண்மனை எங்கே?

1755-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் சனிக்கிழமை, சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குமேல், மாதாகோவில்களிலெல்லாம் மக்கள் நிறைந்திருந்த வேளையில், நிலம் நடுங்கிற்று. கோவில்கள் இடிந்து வீழ்ந்தன. வெட்டவெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடற்கோள் வாரிச் சென்றது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் எரிந்தது. அரண்மனையும், அதன் நூல்நிலையமும், அவ்வாண்டு வசந்த காலத்தில்தான் திறக்கப்பெற்ற இசை நாடக அரங்கமும் அழிந்தன. மாண்டவர் 30,000 முதல் 60,000 வரை இருக்கலாமெனப் பலர் பலவாறு மதிப்பிடுவர். உயிர்தப்பிய அரசரோ, கல்லாற் கட்டிய வீட்டிலே வசிக்க அஞ்சி, அஜுடாக் குன்றின்மேல் மரத்தாலும் துணியாலும் அமைத்த மாளிகையிற் காலங்கழித்தார்.

“கடவுள் திருநாளன்று, கடவுள் ஆலயத்திலிருந்தோர் மடிந்தது ஏன்?” என்று ஐரோப்பா முழுவதும் கேட்கலாயிற்று. இது பாவத்தின் சம்பளம், இயற்கைக் காரணம் தேடுவது குற்றம் என்று மலக்ரீடா என்னும் பாதிரியார் நூலெழுதிப் பரப்பினார். பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட மந்திரி கர்வாலோ வேறு வழி கொண்டார். நாட்டின் பங்குக் குருமார் அனைவர்க்கும் வினாப்பட்டியல் ஒன்று அனுப்பப்பட்டது. அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடுகள் இடிந்தன? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? அவர்கள் எழுதிய விடைகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. பூகம்பத்தைப் பற்றி மக்களைக் கேட்டுக் கணக்கெடுத்த முதல் முயற்சிகளுள் இஃதொன்று. ஜெர்மானிய அறிஞர் காண்ட் 1756-இல் இயற்கைக் காரணங்களை ஆராய்ந்து கட்டுரைகள் வரைந்தார். பிரெஞ்சு அறிஞர் வால்டேர், உலகில் யாவும் நன்மைக்கே என்ற கொள்கையைக் கவிதையிலும் கதையிலும் சாடினார்.

நிற்க. புது நகரம் எவ்வாறு எழுந்தது என்பதைச் சதுக்கத்தின் பின்னுள்ள நேரிய தெருக்களிற் காணலாம். பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, சேணக்காரர் தெரு எனத் தொழில்களின் பெயரே அவற்றுக்கு இடப்பட்டது. அரசர்க்குச் சிலை, தொழிலாளிக்குத் தெரு! சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்துக் கூண்டுபோல அமைத்தனர். நிலம் ஆடினால் கூண்டும் உடன் ஆடும், ஆனால் உடையாது. மாதிரியொன்றைக் கட்டி, அதனைச் சுற்றிப் போர்வீரரை அணிவகுத்து நடக்கச்செய்து சோதித்தனர் என்பர்.

ஆயினும், பொம்பாலைப் பகுத்தறிவின் வடிவமென்று போற்றிவிட்டு நகர்ந்துவிடலாகாது. தமக்குப் பகையான அதே மலக்ரீடாவை, முதிர்ந்த வயதில், மதவிசாரணை மன்றத்தின் முன் நிறுத்தினார். 1761-இல் ரோசியோ சதுக்கத்தில் அக்கிழவரின் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். மூடக்கொள்கையை வெல்ல அறிவு ஒன்றே போதும் என்ற துணிவு அறிவாளிக்கே இல்லையெனின், அவ்வறிவினாற் பயன் யாது?

ரோசியோவுக்கு அருகிலேயே தோமினிக் முனிவர் கோவில் இருக்கிறது. 1506-ஆம் ஆண்டு, பஞ்சமும் கொள்ளைநோயும் நகரை வாட்டிய காலம். அக்கோவிலில் சிலுவைமீது ஒளி தோன்றிற்றென்று மக்கள் ஆரவாரித்தனர். யூத மதத்தினின்று கட்டாயமாக மாற்றப்பெற்ற ஒருவர், அது விளக்கின் ஒளியாக இருக்கலாமென்று சொன்னாராம். அவ்வளவே! அவரை வெளியே இழுத்துக் கொன்றனர். தொடர்ந்த சில நாட்களில் இரண்டாயிரம்வரை கொல்லப்பட்டனர் என்பர். அங்கே நினைவுக்கல் நடப்பட்டதோ 2008-இல். ஐந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்! 1959-இல் தீக்கிரையான அக்கோவிலின் கருகிய தூண்களை மறைக்காமலே வைத்திருக்கின்றனர்.

இரண்டாம் நாள் குன்றின்மீதுள்ள கார்மோ மடத்தைக் காண்க. பூகம்பத்திற் கூரை இழந்த அக்கோவிலின் வளைவுகள் இன்றும் வானத்தையே கூரையாகக் கொண்டு நிற்கின்றன. அதன் முன்னுள்ள சிறு சதுக்கத்தில்தான், 1974 ஏப்ரல் 25-ஆம் நாள், 1926 முதல் நிலவிய சர்வாதிகார ஆட்சி முடிவுற்றது. படைமுகாமிற் புகுந்திருந்த பிரதமர் கயித்தானோ சரணடைந்தார். மக்கள் படைவீரரின் துப்பாக்கி முனையிற் கார்னேஷன் மலர்களைச் செருகினர். அரசியற் கைதிகளை அடைத்து வைத்த அல்ஜூபே சிறை 2015 முதல் காட்சிச்சாலையாக விளங்குகிறது. அதனையும் காணாமல் வருதல் கூடாது. பொழுதிருப்பின் அல்காந்தாராப் பள்ளத்தாக்கைக் கடக்கும் நீர்க்கால்வாயைக் காண்க. பூகம்பத்திலும் அசையாது நின்ற அதன் வளைவுகளைக் கட்டியது, எண்ணெய், திராட்சைமது, இறைச்சி ஆகியவற்றின்மீது விதித்த வரி. அதாவது, ஏழையின் அடுக்களைக் காசு.

மூன்றாம் நாள் பெலெம். அங்கே ஜெரோனிமோ மடம் கல்லிற் செய்த பூவேலைபோல் விளங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த வாணிபத்தின்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் விதித்த வரியே அதன் மூலதனம். மிளகு கல்லாயிற்று எனலாம். 1498-இல் கள்ளிக்கோட்டை சேர்ந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அங்கேயே. 1502-இல் மலையாளக் கரைக்கப்பால், மெக்காவிலிருந்து திரும்பிய கப்பலொன்றை, பெண்டிர் பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானவருடன் எரித்தவரும் அவரே. சிற்பத்தை வியப்போர் இதனையும் நினைவிற் கொள்வாராக. 1837 முதல் அவ்வூரில் விற்கப்படும் பாலேட்டுப் பணியாரம் சுவைமிக்கதெனப் பெயர்பெற்றது. அதனைத் தின்பதற்கு யாதொரு தடையுமில்லை!

தமிழர்க்கு அந்நகரில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1554-இல், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திலிட்டுப் போர்ச்சுகீசிய மொழியுடன் சேர்த்து ஒரு ஞானோபதேச நூல் லிஸ்பனில் அச்சாயிற்று. தமிழ் எழுத்திலேயே 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அதற்குப் பிற்பட்டது. மிளகு தேடிவந்தவரின் நகரில் நம் மொழி அச்சேறிற்று. கணக்கிலே கொள்ளையும் உண்டு, கொடையும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது பொய்க்கணக்கு.

நேயர்காள்! லிஸ்பன் செல்லப் பொருளில்லாதார் வருந்தவேண்டுவதில்லை. அப்பேரேட்டின் மறுபக்கம் மலாக்காவில் இருக்கிறது. அல்புகெர்க் கட்டிய கோட்டையில் எஞ்சியிருப்பது ஒரு வாயிலே. கோட்டைக்குக் கல் எங்கிருந்து வந்தது? மலாய் மன்னரின் கல்லறைகளையும் பள்ளிவாசல்களையும் இடித்து எடுத்தனர். அடுத்த முறை பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, படம் எடுத்தபின், அக்கல்லின் வரலாற்றையும் சொல்லுங்கள்.