தொலைந்துபோன இரண்டு பொருள்கள்

எங்கள் திருக்கோகர்ணத்தில் எது தொலைந்தாலும் அரைக்காசு அம்மனிடம்தான் முறையிடுவோம். ஒரு துண்டு வெல்லம் எடுத்து வைத்து வேண்டிக்கொண்டால் தொலைந்தது கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் சாவி, தோடு, ரேஷன் கார்டு எல்லாம் அப்படித் திரும்பி வந்திருக்கின்றன. இந்தப் பதிவு மனித இனமே தொலைத்துவிட்ட இரண்டு பொருள்களைப் பற்றியது. இவற்றுக்கு எவ்வளவு வெல்லம் வைத்தாலும் பயனில்லை.

தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம். ஒரு நாள் விடியற்காலையில் வலது கால் கட்டைவிரல் நெருப்பாக எரிந்தது. போர்வை பட்டாலும் உயிர் போகிற வலி. டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "கௌட் சார், யூரிக் அமிலம் ஒன்பதுக்கு மேல இருக்கு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் வலியே இல்லை. அப்போதுதான் மைத்துனர் வந்தார். "எதுக்கு அத்தான் காலம் பூரா மாத்திரை? தினம் நெல்லிக்காய்ச் சாறு குடிங்க, எல்லாம் வைட்டமின் சி" என்றார். நானும் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடித்தேன்.

நான்கு மாதம் கழித்து, பேத்திக்குக் கோயிலில் காதுகுத்து. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அன்று பார்த்து இரண்டு கால்களிலும் வலி. எல்லோரும் கோயிலுக்குப் போக, நான் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் காவல் இருந்தேன். "நெல்லிக்காய் நல்லதுதான் சார், ஆனா அது வேற நோய்க்கு" என்றார் டாக்டர். அது எந்த நோய் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த நோயின் பெயர் ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய புண் மறுபடி வாய் திறக்கும். மாதக்கணக்கில் காய்கனி இல்லாமல் கப்பலில் போனவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை ஆறு ஜோடியாகப் பிரித்து ஆளுக்கொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் ஒரே வாரத்தில் தேறினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795-இல்தான். முதல் உலகப் போரில், கூட் நகர முற்றுகையில் சிக்கிய நம் இந்தியச் சிப்பாய்களையும் இந்த நோய் வாட்டியது.

இதில் நெல்லிக்காய்க்குத் தனி இடம் உண்டு. அதியமான் ஒளவைக்குக் கொடுத்த கனி ஆயிற்றே! 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் நாயரும், நெல்லிக்காயில் உள்ள ஒரு துவர்ப்புப் பொருள் வைட்டமின் சி சிதையாமல் காக்கிறது என்று எழுதினார்கள். குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வகம், நம் காய்கனிகளில் எதில் என்ன சத்து என்று அளந்து அட்டவணை போட்டது. 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று அதில் கண்டார்கள். பிற்கால அளவீடுகள் இதைவிடக் குறைவாகச் சொன்னாலும், ஆரஞ்சைவிட நெல்லி பல மடங்கு மேல்தான். அந்த ஆய்வகம்தான் பிறகு ஹைதராபாத் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1939-40-இல் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவியபோது, நெல்லிக்காய் கொடுத்துக் குணப்படுத்தினார்கள்.

ஆனால் பஞ்சத்தில் பச்சிலை தின்னாத பூனைக்கு ஸ்கர்வி வருவதில்லை. நம் ஊர் ஆட்டுக்கும் நாய்க்கும் வருவதில்லை. அவை தங்கள் உடம்புக்குள்ளேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்கின்றன. நம் மூதாதைகள் அந்தத் திறனைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டார்கள். தொலைந்த பொருள் ஒன்று.

இரண்டாவது, யூரிகேஸ் என்ற நொதி. உடம்பில் பழைய செல்கள் அழியும்போதும், ஈரல், மத்தி, நெத்திலி போன்றவற்றைச் சாப்பிடும்போதும் யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான விலங்குகளில் யூரிகேஸ் அதை எளிதில் வெளியேறும் பொருளாக மாற்றிவிடும். நமக்கு அது இல்லை. சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது தேங்கி, மூட்டில் ஊசி ஊசியாகப் படிகமாக உறைவதுதான் கௌட். கட்டைவிரல் உடம்பிலேயே குளிர்ந்த பகுதி என்பதால் அங்கே சீக்கிரம் உறைகிறது.

இதைக் கண்டுபிடித்ததும் மெல்லத்தான் நடந்தது. 1848-இல் கேரோட் என்ற ஆங்கில மருத்துவர், கௌட் நோயாளியின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். யூரிக் அமிலம் உற்பத்தியாவதையே குறைக்கும் அலோபியூரினால் 1960-களில்தான் வந்தது. அதை உருவாக்கிய எலியனும் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். வலி வந்தபின் தரும் கால்சிசின், நம் செங்காந்தள் விதையிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்கு விற்கிறார்கள். அந்தச் செடி கொடிய விஷம். யாரும் வீட்டில் அரைத்துப் பார்க்க வேண்டாம்!

அப்படியானால் மைத்துனர் சொன்னது முழுப் பொய்யா? அப்படியும் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 20 ஆண்டு கவனித்த ஆய்வில், வைட்டமின் சி அதிகம் உட்கொண்டவர்களுக்குக் கௌட் குறைவாக வந்திருந்தது. ஆனால் ஏற்கெனவே கௌட் இருப்பவர்களுக்கு வைட்டமின் சி மாத்திரை கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில், யூரிக் அமிலம் சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. அளவுக்கு மீறினால் சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

ஒரு நஷ்டத்துக்கு நெல்லி. இன்னொன்றுக்கு மாத்திரையும், தண்ணீரும், நாக்கைக் கட்டுவதும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. நான் கலந்து குழப்பியதில் பேத்தியின் காதுகுத்து போனது போனதுதான்.

இப்போதும் காலையில் ஒரு நெல்லிக்காய் தின்கிறேன், ருசிக்காக. மாத்திரையையும் போட்டுக்கொள்கிறேன். நண்பர்களே, மாத்திரையை நிறுத்துவதென்றால் மைத்துனரைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.