சாளரமும் உடல்நலமும்: சிங்கப்பூர் மனைவரலாறு தரும் பாடம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னிரண்டின் குறையை மக்கள் உடனே உணர்வர். உறையுளின் குறையோ எளிதிற் புலப்படுவதில்லை. கூரை ஒழுகாதிருப்பின் வீடு நன்றே என அமைதி கொள்வர். ஆயினும், காற்றும் ஒளியும் புகாத வீடு தன்னுள் வாழ்வாரைச் சிறிது சிறிதாக நோயுறச் செய்யும். இவ்வுண்மையைச் சிங்கப்பூரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கடைவீடுகளின் அமைப்பு

1822ஆம் ஆண்டில் இராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், தெருவோர வீடுகளின் முன்னே கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என விதித்தது. ‘ஐந்தடி’ என மக்கள் பின்னர் வழங்கிய அவ்வழி, நடப்போரை வெயிலினின்றும் மழையினின்றும் காத்தது. முகப்புக்கு இவ்வாறு விதி செய்த ஆட்சி, வீட்டின் உட்புறத்தை நெடுங்காலம் உரிமையாளரின் விருப்பத்திற்கே பெரிதும் விட்டுவிட்டது.

கடைவீடு அகலம் குறைந்தது, நீளம் மிக்கது. பக்கச் சுவர்கள் அண்டை வீடுகளோடு ஒட்டியிருத்தலின் அவற்றில் சாளரம் வைத்தற்கில்லை. முன்புறம், பின்புறம், நடுவே வானம் நோக்கித் திறந்த முற்றம் ஆகிய மூன்றுமே காற்றுக்கும் ஒளிக்கும் வாயில்கள். மக்கள் பெருகி, இடத்தின் மதிப்பும் உயர்ந்தபோது, முற்றங்கள் அடைபட்டன. பின்கட்டுகள் ஒன்றோடொன்று முட்டின. மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாகக் கூறிடப்பட்டன. ஒரு குடும்பத்திற்கென எழுந்த வீட்டில் பல குடும்பங்கள் ஒண்டி வாழ்ந்தன. நடுவே அகப்பட்ட அறைகளில் பகலும் இரவாகவே கழிந்தது.

சிம்சனின் அறிக்கை

நகரில் இறப்பு மிகுந்திருந்தமையின் காரணங்காண, முன்னர்க் கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக விளங்கிய பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன் 1906இல் வரவழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கை 1907இல் வெளிவந்தது. ஏழை மக்களின் பழக்கவழக்கங்களே நோய்க்குக் காரணம் என்னும் பேச்சு அந்நாளில் பரவலாக இருந்தது. சிம்சனோ வீடுகளின் அமைப்பையும் நெருக்கத்தையும் முதன்மையான காரணங்களாகச் சுட்டினார்.

காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882இலேயே கண்டறிந்திருந்தார். நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள், காற்றோட்டமில்லா அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும். காற்று வீசும் அறையில் அவை கலைந்துபோம். கதிரொளி கிருமியைக் கொல்லும். ஆகவே, அடைபட்ட அறையில் ஒருவர் நோயுறின் உடன் வாழ்வாரும் நோயுறுதல் எளிது. முதுகோடு முதுகு முட்டி நின்ற வீட்டு வரிசைகளைப் பிளந்து, இடையே பின்சந்துகள் அமைக்க வேண்டும் என்பது சிம்சனின் முதன்மையான பரிந்துரை. காற்றும் ஒளியும் உட்புகவும், வீட்டுக்குள்ளேயே சுமந்து வரப்பட்ட மலத்தொட்டிகள் பின்புறமாகவே அகலவும் அது வழிசெய்யும்.

பின்சந்தின் எல்லை

பரிந்துரை நன்று, நிறைவேற்றமோ மெல்ல நடந்தது. இடிக்கப்படும் ஒவ்வோரடிக்கும் உரிமையாளர்க்கு இழப்பீடு தர வேண்டியிருந்தது. அதனினும் பெரிய வினா ஒன்று இருந்தது. தடுப்புகளை அகற்றினால் அவற்றுள் வாழ்ந்தவர் எங்குச் செல்வர்? இதற்கு விடை இல்லாதவரை, ஒரு வீட்டில் அகற்றப்பட்ட நெரிசல் மற்றொரு வீட்டிற் புகுந்தது. சிம்சனுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின், 1950களின் நடுவில், சமூகவியலாளர் பாரிங்டன் கே அப்பர் நான்கின் தெருவை ஆராய்ந்தார். அப்போதும் அங்குச் சாளரமற்ற சிற்றறைகளில் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன.

1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, 1936இல் தியோங் பாருவில் தன் முதல் அடுக்குமாடி வீடுகளைத் திறந்தது. எனினும், முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட தன் காலத்தில் அது கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அறைகள் சிறியனவாயினும் சாளரம் உடையன. காசநோய் தணிந்தமைக்குப் புதிய மருந்துகளும் தடுப்பூசியும் பெருங்காரணங்கள் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், மருந்துண்டு மீண்டவர் மறுபடி இருளறைக்கே திரும்பாதபடி காத்தது புதிய வீடு.

மீண்டும் எழுந்த வினா

பழங்கடைவீடுகள் மிகுந்த சைனாடவுன், லிட்டில் இந்தியா, தஞ்சோங் பகார் வட்டாரங்கள் 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. நெரிசல் நீங்கியபின் அவ்வீடுகளின் அழகு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், நெரிசல் வேறிடத்தில் குடிபுகுந்திருந்தது. 2020இல் கொவிட்-19 பரவியபோது, தமிழகம், வங்காளதேசம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர் தங்கிய விடுதிகளே பெரிதும் தாக்குண்டன. விடுதிவாசிகள் ஏறத்தாழ 323,000 பேருள் 47 விழுக்காட்டினர்க்குத் தொற்று ஏற்பட்டிருந்தமை அவ்வாண்டின் இறுதியில் தெரியவந்தது. புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிருவர்க்கு மேற்படலாகாது, ஒருவர்க்கு 4.2 சதுர மீட்டரேனும் வேண்டும் என்னும் விதிகள் 2021இல் அறிவிக்கப்பட்டன.

1907இல் எழுந்த வினாவும் 2020இல் எழுந்த வினாவும் ஒன்றே. ஒரு மனிதன் மூச்சுவிட எவ்வளவு இடம் வேண்டும்? அதனை வாடகைக் கணக்கு மட்டும் முடிவு செய்தபோதெல்லாம் நோய் வந்து கணக்கைத் திருத்தியது. நோய்க்கு முன்னரே சட்டமும் கட்டடக் கலையும் அதனை முடிவு செய்தலே நல்லாட்சிக்கு அழகாகும்.